ஓதி, ஓடி

அந்த அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று நான் மூன்று மாதம் நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் விற்ற ‘அ – அணில், ஆ – ஆடு’ அட்டை ஒன்றை வாங்கி, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு அவர் கையில் கொடுத்தேன். “வெக்கப்படாதீங்கக்கா, தெனம் ரெண்டு எழுத்து. தீவாளிக்குள்ள பேப்பர் படிச்சிருவீங்க” என்று வேறு சொன்னேன்.

அவர் அட்டையை விரித்து அணிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு தெலுங்குப் பஞ்சாங்கத்தையும் ஒரு கன்னடச் செய்தித்தாளையும் எடுத்து வந்து, இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பத்தியை மூச்சு விடாமல் படித்தார்.

“தெலுகு ஸ்கூல்ல அஞ்சு வரைக்கும். அப்புறம் மாமா ஊட்ல, ஆனேக்கல் பக்கம், கன்னடத்துல எட்டு வரைக்கும். உங்க தமிழு எழுத்துதான் யாரும் சொல்லிக் குடுக்கல. பேசறேன் இல்ல, அப்புறம் என்னா? இந்த அணிலு இருக்கட்டும், கொட்டாயில ஒட்டி வெக்கறேன்.”

சொன்னபடி மாட்டுக் கொட்டகையில் ஒட்டியும் வைத்தார். நான் அங்கே குடியிருந்த காலமெல்லாம் அவருடைய மாடுகள் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டுதான் அசைபோட்டன. படிக்கத் தெரிந்து என்ன பயன் என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு அந்த மாடுகள் நினைவுக்கு வரும். அவை எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

நான் தென்காசிக்காரன். ஓசூரில் வாகன உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தவன். ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்தில், அந்த அக்காவின் ஆறு லைன் வீடுகளில் ஒன்றில் குடியேறினேன். முதல் நாள் பெட்டியோடும் மனைவியோடும் மகளோடும் போய் நின்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்த மந்தி?” குற்றாலத்துக் குரங்குகளோடு வளர்ந்தவனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. தெலுங்கில் ‘எத்தனை பேர்’ என்று பொருள் என்பது எனக்குத் தெரியாது. கோபத்தில் பேச்சு வராமல் மூன்று விரலைக் காட்டினேன். அவர் திருப்தியாகச் சாவியைக் கொடுத்தார். என் மனைவி இன்றும் என்னைத் திட்ட வேண்டுமானால், மூன்று மந்தியில் மூத்தது என்பாள்.

ஓனரம்மா என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. “அம்மா உங்க ஊர்ல இருக்காங்க இல்ல? அக்கான்னு கூப்புடு.” ஆகவே அக்கா.

தமிழில் அச்சடித்து அந்த வீட்டுக்கு எது வந்தாலும் என்னிடம் வரும். கல்யாணப் பத்திரிகை, மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ், மருந்துச் சீட்டு, பள்ளிக்கூடத்தில் பேரப் பிள்ளைக்குக் கொடுத்த தாள். “படிச்சுச் சொல்லு” என்பார். சொல்லு என்றால் சுருக்கிச் சொல்வதல்ல. பத்திரிகை என்றால் ‘உ’ போட்ட இடத்திலிருந்து, ‘தங்கள் நல்வரவை நாடும்’ பட்டாளம் முழுவதையும் கடந்து, மூலையில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரைக்கும். நடுவில் நான் ஒரு சித்தப்பாவை விழுங்கிவிட்டால் விரலை அந்த வரியில் வைத்துவிடுவார். “இங்க ஒரு வரி இருக்குதே, அது யாரு?” எழுத்து தெரியாவிட்டாலும் வரி எண்ணத் தெரியும். மூன்றாவது வருஷம் எண்ணுவதை விட்டுவிட்டார். நான் படிக்கப் படிக்க அவர் பாட்டுக்கு அவரைக்காய் ஆய்வார். எனக்கு அப்போது அது சாதாரணமாகத்தான் பட்டது.

தனக்கு இருந்த அந்தக் குறையை அவர் ஊருக்கே தீர்த்துவைத்தார் என்றும் சொல்லலாம். யுகாதியன்று லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரையும் வாசலில் உட்காரவைத்து, வேப்பம்பூவும் வெல்லமும் உள்ளங்கையில் வைத்து, பஞ்சாங்கம் படிப்பார். தெலுங்கில் படித்து, எங்களுக்குத் தமிழில் சொல்லி, கடைக்கோடி வீட்டு அத்திப்பள்ளிக் குடும்பத்துக்குக் கன்னடத்தில் சொல்லுவார். அந்தப் பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு ராசிக்கும் இந்த வருஷம் எவ்வளவு மரியாதை, எவ்வளவு அவமானம் என்று எண் போட்டே எழுதியிருக்கிறார்கள். ஒரு வருஷம் எனக்கு மரியாதை இரண்டு, அவமானம் ஆறு.

“ஏக்கா, பிள்ளை உக்காந்திருக்கா. அந்த ஆறைக் கொஞ்சம் கொறைச்சுப் படிங்களேன்” என்றேன்.

“எழுதியிருக்கறதத்தான் படிப்பேன்.”

“ஒரு மூணு?”

“ஏம்ப்பா, அவமானத்துக்கும் பேரம் பேசற ஆள இப்பத்தான் பாக்கறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பயம் வந்தால் எனக்கு முதலில் வேடிக்கைப் பேச்சு வரும், அதற்குப் பிறகு ஓட்டம் வரும். கம்பெனியில் சூப்பர்வைசர் தூரத்தில் வந்தாலே நான் நகைச்சுவை நடிகனாகிவிடுவேன். ஒருமுறை வாசலில் அரசாங்க ஜீப் வந்து நின்றபோது நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வந்தவர்கள் மாட்டுக்குத் தடுப்பூசி போட வந்தவர்கள். அக்கா கதவைத் தட்டி, “தம்பி, ஊசி உனக்கு இல்ல, வெளிய வா” என்றார். அந்தக் கதையை ஊர் முழுக்கச் சொன்னது அவர் அல்ல, நான்தான். நம்மை நாமே கேலி செய்துகொண்டால் மற்றவர்கள் நம்மிடம் வேறெதுவும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

இப்போது கிராம சபைக்கு வர வேண்டும்.

கிராம சபை எங்கள் ஊரில் நடக்கும் விதம் இது. பள்ளிக்கூடத்துக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். தலைவர் பேசுவார். ஊராட்சிச் செயலர், “வழக்கமான தீர்மானங்கள்தான், ஒப்புதல்தானே?” என்பார். மிக்சர் பொட்டலம் வரும். கூடவே பெரிய நோட்டுப் புத்தகம் வரும். பொட்டலத்தை இடது கையில் வாங்கி வலது கையால் கையெழுத்துப் போட வேண்டும். தீர்மானம் எழுதும் பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். அதைப் பிறகு எழுதிக்கொள்வார்கள். இதில் யாருக்கும் வருத்தமில்லை, அக்காவைத் தவிர.

அவர் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்பார். “படிங்க” என்பார். தெலுங்கில் “சதவண்டி” என்பார். கன்னடக்காரர்களும் கேட்கட்டும் என்று “ஓதி” என்பார். மூன்றுக்கும் ஒரே அர்த்தம். படிக்காத புத்தகத்தில் கையெழுத்துப் போட மாட்டார். ஒருமுறை செயலர் எரிச்சலில் முக்கால் மணி நேரம் படித்தே காட்டினார். தெருவிளக்கு, சாக்கடை, கொசு மருந்து. அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, “கொசு மருந்து அடிச்சதா எழுதியிருக்குது. எந்தத் தெருவுல?” என்று ஒரே கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு செயலர் படிப்பதையே விட்டுவிட்டார்.

நான் அங்கே குடியிருந்த கடைசி வருஷம், குடியரசு தினக் கூட்டத்தில் அவர் எழுந்து மூன்று மொழியிலும் கேட்டுவிட்டு, செயலர் வாயைத் திறப்பதற்குள், “நீங்க படிக்க வேணாம், உங்களுக்குத் தொண்ட கட்டும். எங்க லைன் ஊட்டுத் தம்பி தமிழு நல்லாப் படிக்கும். தம்பி, எழுந்து படி” என்றார்.

கூடம் மொத்தமும் திரும்பியது. செயலர் என்னைப் பார்த்தார். தலைவர் பார்த்தார். தலைவருடைய மச்சான்தான் எங்கள் கம்பெனிக்கு வேன் ஓட்டும் ஒப்பந்தக்காரர். எழுந்து நின்றேன். வாயில் வந்தது இது:

“ஓதின்னு சொல்லலங்க, அக்கா ஓடின்னு சொல்றாங்க. எல்லாரும் ஓடுங்க.”

கன்னடத்தில் ஓதி என்றால் படியுங்கள், ஓடி என்றால் ஓடுங்கள். மூன்று மொழி தெரிந்த ஊரில் இதைவிடச் சுலபமான பகடி கிடையாது. கூடம் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. தெலுங்குக்காரர்கள் சிரித்தார்கள், கன்னடக்காரர்கள் சிரித்தார்கள். நான்கு இளவட்டங்கள் நிஜமாகவே எழுந்து ஓடினார்கள். அந்தச் சிரிப்பிலேயே நோட்டுப் புத்தகம் கைமாறிக் கைமாறிப் போய், கூட்டம் முடிந்துவிட்டது. அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், “நல்லா சிரிக்க வெச்ச” என்றார். அவ்வளவுதான். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்த வாரத்திலிருந்து ஊரில் அவருக்குப் பெயர் ‘ஓடி அக்கா’.

அடுத்த கூட்டம் மார்ச் இருபத்திரண்டு, தண்ணீர் தினக் கிராம சபை. புங்க மரங்கள் துளிர்த்து, வேம்பு பூவெடுத்து, மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் கூடிப் பேசிக்கொண்டிருந்த நேரம். எனக்கு இரண்டாம் ஷிப்ட். மதியம் கம்பெனி பஸ் பிடிக்க ஓடும்போது பள்ளிக்கூட வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஒருவன் என்னைக் கட்டிப்பிடித்து, “அண்ணே, உங்க டயலாக்க செயலரே அடிச்சுட்டாரு. அக்கா எழுந்து ஓதின்னாங்க. ‘அக்காவே ஓடச் சொல்லிட்டாங்க, கூட்டம் முடிஞ்சுது’ன்னாரு. ஒரே சிரிப்பு” என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் இருந்தது.

வாசலில் நாற்காலி மேல் அந்த நோட்டுப் புத்தகம். “அண்ணே, வந்தது வந்தீங்க, ஒரு கையெழுத்து. வருகைப் பதிவுதான்” என்று அவனே பேனாவை நீட்டினான். பஸ் ஹாரன் அடித்தது. பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், சுண்டலை வாங்கினேன், ஓடினேன்.

பத்து நாள் கழித்து மந்தையில் ஒரு பலகை முளைத்தது: ‘கனரக வாகனங்கள் நிறுத்துமிடம். கிராம சபை ஒப்புதல் பெற்றது.’

மந்தை என்றால் ஊர்ப் பொது இடம். வெயில் தாழ்ந்தால் ஊர் மாடெல்லாம் அங்கேதான் நிற்கும். பண்டிகையன்று எல்லாத் தெருப் பெண்களும் பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, அதில் விளக்கேற்றி, தட்டில் வைத்துத் தலையில் சுமந்து வந்து சேரும் இடமும் அதுதான். தெலுங்குத் தெரு, கன்னடத் தெரு, எங்களைப்போல் பிழைக்க வந்தவர்களின் லைன் வீடுகள் எல்லாம் ஒன்றாக நிற்க அந்த ஊரில் வேறு இடம் கிடையாது. ஜூஜுவாடிப் பக்கம் சாலையோரம் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்த லாரிகளுக்கு அதை ஒதுக்கியிருந்தார்கள். லாரிகளில் பாதி எங்கள் கம்பெனிக்கு வருபவை.

அக்கா பலகையை என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

“கிராம சபை ஒப்புதல்னா, எந்தக் கிராம சபை?”

“தெரியலக்கா.”

அடுத்த திங்கட்கிழமை அவர் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறி, ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். வெளியே மரத்தடியில் மனு எழுதுபவரிடம் எழுதி வாங்கி, அதை அந்த ஆளையே மூன்று முறை படித்துக் காட்டவைத்துவிட்டுத்தான் உள்ளே போனாராம். மனு எழுதியவர் நாலாவது முறைக்கு எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார் என்று அக்காவே சொன்னார்.

மனு வேலை செய்தது. ஒரு வாரத்தில் விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வந்தார். கெட்டவர் அல்ல. பள்ளிக்கூட நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே, தேவைப்பட்டால் ஓடுவதற்கு வசதியான தூரத்தில் நின்றிருந்தேன்.

“தீர்மானம் படித்துக் காட்டப்பட்டு ஏகமனதாக நிறைவேறியதுன்னு இருக்கேம்மா.”

“படிக்கல சார். நான் கேட்டேன். சிரிச்சாங்க.”

“நீங்க கேட்டீங்கன்னு சொல்றீங்க. ஆனா இதுல உங்க கையெழுத்தே இல்லையே. இந்தப் புத்தகத்துப்படி நீங்க கூட்டத்துக்கே வரலம்மா.”

“படிக்கலன்னுதான் சார் போடல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒண்ணு செய்ங்க. இதுல கையெழுத்துப் போட்டவங்கள்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர் போதும், எனக்குப் படிச்சுக் காட்டலன்னு எழுதிக் குடுக்கட்டும். தீர்மானத்த நிறுத்தி வெச்சு மறுபடியும் கூட்டம் போடச் சொல்றேன். வெள்ளிக்கிழமைக்குள்ள.”

கையெழுத்துப் பக்கத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நகலோடு அக்கா நேராக என் வீட்டுக்கு வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கைகால் கழுவிவிட்டு, பண்டிகைக்கு அரிசி களைந்துகொண்டே என்னைக் கூப்பிட்டார். “தம்பி, இதுல யார் யாருன்னு படி. நான் வீடு வீடா போய்க் கேக்கறேன்.”

அந்த மாதம்தான் கம்பெனியில் என்னை நிரந்தரமாக்குவதற்கான தாள் மேலே போயிருந்தது. பதினொரு வருஷம் காத்திருந்த தாள். நகலைக் கையில் வாங்கியதும் முதலில் தேடியது என் பெயரைத்தான். தேட வேண்டியதே இல்லை, பதினேழாவதாக, எல்லாரையும்விட அழகான கையெழுத்தில் இருந்தது. பஸ் ஹாரனுக்கு நடுவிலும் அவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன்.

படிக்க ஆரம்பித்தேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டி அரிசியைக் களைந்தபடி, ஒவ்வொரு பெயரையும் தன் பாணியில் திருப்பிச் சொல்லி மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

“முனிராஜ்.”

“பால் சொசைட்டி முனிராஜு. சரி.”

“வெங்கடேசப்பா.”

“எங்க சின்ன மாமா பையன். அவன் வருவான். சரி.”

“நாகரத்தினா.”

“அவ பயந்தாங்கொள்ளி. இருந்தாலும் கேக்கறேன்.”

பதினாறு முடிந்ததும் எனக்கு இருமல் வந்தது. இருமல் நிஜம், அதில் நடிப்பு இல்லை. எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தேன். மகள் படித்துக்கொண்டிருந்த திசையைப் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து மீதியைப் படித்து முடித்தேன்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்க்கா.”

“ரொம்பப் பேரு இருக்காங்க. ஒருத்தர் வந்தாப் போதும்.”

அவர் நம்பிக்கையோடுதான் கிளம்பினார். மூன்று நாள் நடந்தார். முனிராஜ், சொசைட்டி விஷயமாகத் தலைவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டும் என்றார். வெங்கடேசப்பாவின் மனைவி, அவர் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போயிருக்கிறார் என்றாள், உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டதாம். நாகரத்தினா அழுதுவிட்டாள். ஒருவர், “அக்கா, நீங்க ஓடின்னு சொன்னதுக்கு நாங்க ஓடிட்டோம், இப்ப வான்னா எப்புடி?” என்று கேட்டிருக்கிறார். இதை அக்கா என்னிடம் சிரிக்காமல் சொன்னார். நான் வழக்கத்தில் பாதி சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வாசலில் வந்து உட்கார்ந்தார். காலில் செம்மண் முட்டி வரைக்கும் இருந்தது.

“யாரும் வரல தம்பி.”

“விடுங்கக்கா.”

“அவங்களச் சொல்லிக் குத்தம் இல்ல. பயம். யாருக்குத்தான் இல்ல?” காலிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, “நீ ஷிப்டுக்குப் போயிட்ட. நீ இருந்திருந்தா, படிக்காம போட்டிருக்க மாட்ட” என்றார்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த ஊரிலேயே அதிகம் பேசுகிறவன் நான்தான். உள்ளே போய், அவர் கால் கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் மந்தையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். மாவிளக்கு ஊர்வலம் சர்வீஸ் ரோட்டில் போனது. லாரிக்காரர்கள் நல்லவர்கள், ஹாரன் அடிக்காமல் ஒதுங்கி நின்றார்கள். ஆனாலும் அத்தனை தெருவும் சேர்ந்து நிற்க இடமில்லாமல் அந்தந்தத் தெரு அதனதன் விளக்கை அணைத்துக்கொண்டு திரும்பியது. மறு வருஷத்திலிருந்து தெலுங்குத் தெரு ஒரு நாள், கன்னடத் தெரு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டார்கள். லைன் வீட்டுக்காரர்களை யாரும் அழைக்கவில்லை.

எனக்கு வேலை நிரந்தரமானது. மகளின் பள்ளிக்கூடம் பக்கம் என்று ஒரு காரணம் சொல்லி, ஓசூர் நகருக்குள்ளேயே வீடு மாறினேன். சாமான் ஏற்றும்போது அக்கா வேன் வரைக்கும் வந்து, புது வீட்டு வாடகை ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துப் பார்த்தேனா என்று கேட்டார். படித்தேன் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அவர் மாடுகளை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

தலைவர் மிரட்டினார், கம்பெனி பணம் கொடுத்தது, புத்தகத்தையே மாற்றிவிட்டார்கள் என்று ஊரில் இப்போது பலவிதமாகப் பேசுகிறார்களாம். யாரும் மிரட்டவில்லை. புத்தகத்தையும் யாரும் மாற்றவில்லை. அந்தப் பக்கத்தில் நாற்பத்தொரு பெயர் இருந்தது. நான் அக்காவுக்கு நாற்பது படித்தேன்.